பிளக் இடைவெளி: ஹக்சோ பிளேட்டில் இருந்து டேர்போ வரை

போன வருஷக் கடைசியில் நாங்கள் நாலு பேர் கொழும்பில் இருந்து கண்டிக்குக் காரில் போனோம். கார் எங்களில் ஒருத்தியின் அண்ணாவுடையது. ஒரு லீற்றருக்கும் குறைந்த, மூன்று சிலிண்டர் டேர்போ எஞ்சின். மாவனல்லை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கினதும் விக்கல் எடுத்தமாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. மிதிக்க மிதிக்க வெட்டு கூடியது. எஞ்சின் லைற் மினுங்கத் தொடங்கியது. காலை எடுத்தால் ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடியது.

பிலிமத்தலாவையில் றோட்டோரம் ஒரு சின்னக் கராச். பாஸ் மலையகத் தமிழர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பிளக் எப்ப மாத்துனீங்க?" எண்டதுதான்.

"ரெண்டு கிழமைக்கு முந்தி, பாஸ். புது பிளக்."

கொயிலைக் கழற்றி, நீட்டு சொக்கற்றை விட்டு, ஒரு பிளக்கை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டமாகக் கம்பிகள் கோத்த ஒரு கேஜை எடுத்து நுனியில் விட்டுப் பார்த்தார்.

"புதுசுதான் தம்பி. மரை சரி, நீளம் சரி. ஆனா இது இந்த எஞ்சினுக்கு உள்ளது இல்ல. கேப் ஒண்ணு தசம் ஒண்ணு இருக்கு. இதுக்கு முக்கால் போதும். இப்போதைக்குக் கிட்டப் பண்ணித் தாறேன். கண்டியில சரியான பிளக்க வாங்கிப் போடுங்க."

மூன்று பிளக்கையும் அப்படியே செய்து பூட்டித் தந்தார். கார் மிச்சத் தூரத்தை மூச்சு வாங்காமல் ஓடியது. 1.1 மில்லிமீற்றருக்கும் 0.75 மில்லிமீற்றருக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கு. ஒரு காரை மலையில் நிற்பாட்டவும் ஏற்றவும் அது போதும் எண்டால், அதுக்குப் பின்னால் என்ன கதை இருக்கு? அதைத் தேடிப் போன இடத்தில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

காற்றுக்கு நடுவே ஒரு பொறி

எஞ்சினுக்குள் மின்பொறியால் நெருப்பு வைக்கிற யோசனை காரை விடப் பழையது. 1860இல் பாரிஸில் எத்தியன் லெனுவார் செய்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி இருந்தது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியிலும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பொறியை நம்பி நீண்ட தூரம் போக முடியாது. அந்தச் சிக்கலுக்கு நல்ல விடை 1902இல் வந்தது. ஸ்ருட்காட்டில் பொஷ் நிறுவனத்தில் வேலை செய்த கொட்லொப் ஹொனோல்ட், உயர் வோல்ற்று மக்னீற்றோவையும் அதோடு சேர்ந்த பிளக்கையும் உருவாக்கினார். இரும்பு உடல், நடுவில் காவலி, காவலிக்குள் ஒரு கம்பி, அந்தக் கம்பிக்கு எதிரே உடலில் இருந்து வருகிற உலோக முனை. இண்டைக்கு வரைக்கும் பிளக்கின் உருவம் இதுதான்.

அதுக்கும் முதலே, 1889இல், பிரீட்ரிக் பாஷன் எண்ட ஜேர்மன் பௌதிகவியலாளர் ஒரு விதியை வெளியிட்டிருந்தார். அவர் காரைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே இருக்கிற வாயுவைத் தாண்டிப் பொறி பாய எத்தனை வோல்ற்று வேணும் எண்டதைத்தான் அளந்தார். வாயுவின் அமுக்கத்தையும் முனைகளுக்கு இடையிலான தூரத்தையும் பெருக்கினால் வருகிற பெறுமானம்தான் அதைத் தீர்மானிக்குது எண்டு கண்டார். எஞ்சினுக்குள் இருக்கிற நிலைமைக்கு அதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்: காற்று எவ்வளவு நெருக்கமாக இருக்கோ அவ்வளவு கூட வோல்ற்று வேணும். இடைவெளி எவ்வளவு கூடவோ அவ்வளவு கூட வோல்ற்று வேணும்.

கடுகண்ணாவையில் எங்களுக்கு நடந்தது இதுதான். சமதரையில் மெல்லமாகப் போகும்போது சிலிண்டருக்குள் காற்று குறைவு. 1.1 மில்லிமீற்றரையும் கொயில் இலகுவாகத் தாண்டியது. ஏற்றத்தில் மிதித்ததும் டேர்போ காற்றைத் திணிக்கத் தொடங்கியது. உள்ளே வருகிற காற்று இரண்டு மடங்கானால் தேவைப்படுகிற வோல்ற்றும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கொயிலால் ஏலாத ஒரு கட்டம் வந்தது. பொறி பாயவில்லை. அல்லது பிளக்கின் நுனிக்குப் பதிலாக றப்பர் உறைக்குள்ளால் வேறு வழி தேடிப் பாய்ந்தது. அந்தச் சுற்றில் பெற்றோல் எரியாமலே வெளியே போனது. இதைத்தான் கராச்சில் 'மிஸ் அடிக்குது' எண்டு சொல்வார்கள். எரியாத பெற்றோல் சைலன்ஸர் பக்கம் போய் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் எரிந்தால் அதுவும் உருகிப் போகலாம். லைற் மினுங்கினது அந்த ஆபத்தைச் சொல்லத்தான்.

ரத்மலானையில் 24 பிளக்

எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற வேலையில் பிளக் முதலில் அகப்பட்டது காரில் இல்லை, விமானத்தில். சுவிஸ்காரரான அல்பிரட் பூக்கி 1905இல் டேர்போவுக்கான காப்புரிமையைப் பெற்றார். முதலாம் உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் ஒகுஸ்ற் ராத்தோ அதை விமான எஞ்சினில் முயன்று பார்த்தார். 1918இல் அமெரிக்காவில் சான்ஃபர்ட் மொஸ் ஒரு லிபேர்ட்டி எஞ்சினை 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் மலை உச்சிக்குக் கொண்டுபோய், டேர்போவோடு ஓட்டிக் காட்டினார். மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் களைக்கும். காற்றைத் திணித்தால் எஞ்சினுக்குத் தரையில் நிற்கிற நினைப்பு வரும்.

ஆனால் பாஷனின் விதி அங்கேயும் பின்னால் போனது. சிலிண்டருக்குள் காற்று நெருக்கம், வெளியே மெலிவு. மின்சாரத்துக்கு எது இலகு? வெளியே பாய்வதுதான். உயரத்தில் மக்னீற்றோவுக்குள்ளேயே பொறி பாய்ந்து வீணாகப் போன பிரச்சினை இப்படித்தான் வந்தது. அதைத் தடுக்க இரண்டாம் உலக யுத்த காலத்தில் மக்னீற்றோவுக்கும் காற்று அடைத்து அமுக்கத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. பிளக்கின் இடைவெளியையும் அரை மில்லிமீற்றருக்குக் கீழே கொண்டுவந்தார்கள்.

காவலியும் மாறியது. தொடக்கத்தில் பீங்கான். விமான எஞ்சினின் சூட்டில் அது வெடித்தது. பிறகு மைக்காத் தாள்களைச் சுற்றிச் செய்தார்கள். பிரித்தானியாவில் கார் ஓட்டப் பந்தயக்காரரான கெனெல்ம் லீ கின்னஸ் தொடங்கிய கேஎல்ஜி பிளக்குகள் அப்படித்தான் பேர் எடுத்தன. அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குப் போன தகட்டு மைக்காவில் பெரும்பகுதி இந்தியச் சுரங்கங்களில் வெட்டி எடுத்தது. பிறகு பெற்றோலுக்குள் ஈயம் கலந்தார்கள். ஈயம் நொக்கிங்கைக் குறைத்தது, ஆனால் மைக்காவில் படிந்து அதைத் தின்றது. 1930களில் ஜேர்மனியில் சீமென்ஸ் அலுமினாத் தூளை அழுத்திச் சுட்டு ஒரு புதுக் காவலியைக் கொண்டுவந்தது. சூட்டையும் ஈயத்தையும் அது தாங்கியது. உங்கட மோட்டார் சைக்கிள் பிளக்கில் இருக்கிற வெள்ளைப் பகுதி அதன் வாரிசுதான்.

இந்தக் கதையில் இலங்கையும் ஒரு காலை நேரம் வந்து போகுது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ரத்மலானையில் இருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. அவற்றில் இருந்தது ரோல்ஸ் ரொய்ஸ் மேர்லின் எஞ்சின். டேர்போ இல்லை, எஞ்சினே பல்சில்லால் சுழற்றுகிற சுப்பர்சார்ஜர். காற்றைத் திணிப்பதில் இரண்டும் ஒரே வேலைதான். எதிரே வந்த ஸீரோ விமானங்களிலும் சுப்பர்சார்ஜர்தான். மேர்லினுக்கு 12 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக 24. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலைக்கு மேலேயும் அதே சண்டை. எங்கட வரலாற்றுப் பாடத்தில் விமானங்களின் எண்ணிக்கை வரும். ஒவ்வொரு எஞ்சினிலும் 24 பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளி பார்த்துத் திரும்பப் பூட்டின கைகள் அதில் வாறதில்லை.

சூடு, குளிர்

இடைவெளி மட்டும் தெரிந்தால் போதாது. பிளக்குக்குச் 'சூடு', 'குளிர்' எண்டு ஒரு குணம் இருக்கு. கனபேர் இதைப் பொறியின் சூடு எண்டு நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நுனிக்கு வருகிற சூட்டைப் பிளக் எவ்வளவு கெதியாக எஞ்சின் தலைக்குக் கடத்துது எண்டதுதான் கணக்கு. உள்ளே இருக்கிற வெள்ளைக் காவலியின் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரம் எடுக்கும், அது சூடான பிளக். மூக்கு கட்டையாக இருந்தால் கெதியாகக் கடத்தும், அது குளிர் பிளக்.

நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியஸுக்கு மேலே இருந்தால்தான் படிகிற கரியைத் தானே எரிக்கும். 850 பாகையை விட நன்றாகக் கூடினால் பொறி பாய முதலே நுனியே நெருப்பு வைக்கத் தொடங்கும். அப்படி நேரம் தப்பிப் பற்றுகிற நெருப்பு பிஸ்ரனில் ஓட்டை போடும். டேர்போ எஞ்சினில் சூடு கூட. ஆகையால் குளிர் பிளக். அமுக்கம் கூட. ஆகையால் சின்ன இடைவெளி. தேர்வின் சாரம் இந்த இரண்டு வரிதான்.

மண்ணெண்ணெய்க் காலம்

இந்தச் சூடு, குளிர் கணக்கை எங்கட ஆக்கள் ஒரு தலைமுறைக்கு முதலே தலைகீழாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதை எங்களுக்குச் சொன்னவர் எங்களில் ஒருவரின் மாமா. 90களில் கொக்குவில் பக்கம் ஒரு கராச் வைத்திருந்தவர்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கினதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. பற்ரறி இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் ஏ40யும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதாலை ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலைப் பொன்போல வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்த முறை புதிதும் இல்லை. 1949இல் பிரித்தானியாவில் ஃபேர்கசன் கம்பனி மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடுகிற உழவு இயந்திரத்தை விற்றது. அதுவும் பெற்றோலில் தொடங்கிப் பிறகு மாறுகிற வண்டிதான். அவர்கள் அதுக்கெண்டு எஞ்சினின் நெருக்கும் விகிதத்தையே குறைத்துச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குச் செய்த எஞ்சினை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது.

"கரிதான் பிள்ளையள் பிரச்சினை," எண்டார் மாமா. "மண்ணெண்ணெய் ஒழுங்கா எரியாது. பிளக் கறுத்துப்போகும். கரியாலை கரண்ட் கசிஞ்சு போய்ப் பொறி வராது. கழட்டிறது, கம்பி பிரஷ்சாலை தேய்க்கிறது, அடுப்பிலை வாட்டுறது, திரும்பப் பூட்டுறது. சூடான பிளக் ஆற்றையும் பழைய சாமானுக்குள்ளை கிடைச்சா அதைத் தேடிப் போடுறது. நொக்கிங்குக்கு டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி நெருப்பைப் பிந்த விடுறது."

இடைவெளியை எதாலை அளந்தீங்கள் எண்டு கேட்டோம். எழும்பிப் போய் ஒரு ரின்னைக் கொண்டுவந்தார். ஆணி, வாஷர், பழைய பொயின்ற் செற்றுகளுக்குள் இருந்து விரல் நீளத்துக்கு முறிந்த ஒரு ஹக்சோ பிளேட்டுத் துண்டை எடுத்தார். பல்லை எல்லாம் அரத்தால் ராவி மட்டமாக்கி இருந்தது.

"இதாலைதான். பிளேட்டு இறுகிப் போகோணும், ஆனால் இழுக்கேக்கை வரோணும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். சாதாரண ஹக்சோ பிளேட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.025 அங்குலம், அதாவது 0.6 மில்லிமீற்றருக்குச் சொட்டுக் கூட. மொறிஸ் மைனர் 1000க்கு உற்பத்தியாளர் சொன்ன பிளக் இடைவெளியும் 0.025 அங்குலம்தான். தடைக்குள் ஃபீலர் கேஜ் தேடி அலையாமல், கையில் இருந்த இரும்பில் இருந்தே அந்த அளவை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாகப் பிரிந்த பாதை

அப்ப, பிலிமத்தலாவையில் கழற்றின பிளக்கில் 1.1 எங்கே இருந்து வந்தது? பழைய 0.6 ஏன் கூடியது?

காரணம் புகை. 1970களில் அமெரிக்காவில் வாகனப் புகைச் சட்டம் இறுகியது. பெற்றோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டி எரிக்க வேண்டி வந்தது. மெலிந்த கலவையில் சின்னப் பொறி பற்றாது. நீளமான பொறி வேணும். நீளமான பொறிக்குக் கூட வோல்ற்று வேணும். ஜெனரல் மோட்டர்ஸ் அந்தத் தசாப்தத்தின் நடுவில் பொயின்ற் இல்லாத, வலுக்கூடின மின்பற்றுமுறையைக் கொண்டுவந்து சில எஞ்சின்களில் இடைவெளியை 0.060 அங்குலம், அதாவது 1.5 மில்லிமீற்றர் வரைக்கும் கொண்டு போனது. அது கொஞ்சம் அதிகம்தான். பிறகு குறைத்தார்கள். ஜப்பானியக் கார்களில் 1.1 மில்லிமீற்றர் வழமையாகியது. எங்கட நாட்டு றோட்டுகளில் 80களுக்குப் பிறகு ஓடினவை பெரும்பாலும் டேர்போ இல்லாத ஜப்பானியக் கார்கள். ஆகையால் எங்கட கராச்சுகளின் கைக்கும் கண்ணுக்கும் 1.1 பழகிப் போனது.

டேர்போக் கார்கள் வேறு பாதையில் வந்தன. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெற்ஃபயரும் கோர்வெயார் மொன்ஸா ஸ்பைடரும். ஜெற்ஃபயரில் நொக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தாங்கியில் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் கார் பலம் இழக்கும். கனபேர் ஊற்ற மறந்தார்கள். 1973இல் பிஎம்டபிள்யூ 2002 டேர்போ, 1974இல் போர்ஷ 911 டேர்போ, அதுக்குப் பிறகு சாப் 99 டேர்போ. 1977இல் சில்வர்ஸ்ரோனில் ரெனோ ஒரு ஒன்றரை லீற்றர் டேர்போவை ஃபோமியுலா வன் பந்தயத்துக்குக் கொண்டு வந்தது. அடிக்கடி புகைவிட்டு நின்றதால் அதை மஞ்சள் தேநீர்க் கேத்தல் எண்டு சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் டிஜோனில் வென்றது. 1979 கடைசியில் நிசான், ஜப்பானின் முதல் டேர்போக் காரை விற்பனைக்கு விட்டது.

இதில் சாப் செய்த வேலை எங்களுக்கு முக்கியம். 1980களின் கடைசியில் அவர்கள் நீளமான பிளக் வயர்களைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒவ்வொரு கொயிலை வைத்தார்கள். பிறகு பிளக்கையே காதாகவும் ஆக்கினார்கள். பொறி முடிந்ததும் அதே இடைவெளிக்குள் ஒரு சின்ன மின்னோட்டத்தை விட்டு, நொக்கிங் வருகுதா எண்டு கேட்டறிந்தார்கள். இண்டைக்கு அநேகமான பெற்றோல் கார்களில் பிளக்கின் தலையில் கொயில் இருக்கு.

பிளக் செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. எங்கட கடைகளில் கூடக் காணுகிற பெயர்களில் ஒன்று என்ஜிகே. 1936இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கியது. அதன் மூலம் நொரிட்டாக்கே எண்ட பீங்கான் கம்பனி. ஓம், மாத்தளையில் தொழிற்சாலை வைத்திருக்கிற அதே நொரிட்டாக்கேதான். கோப்பை செய்த கை மின்கம்பக் காவலி செய்யத் தொடங்கி, அதில் இருந்து பிளக் பிறந்தது. 1990களின் கடைசியில் டென்சோ 0.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரிடியம் நுனியோடு பிளக்கை விட்டது. கூரான நுனியில் இருந்து பொறி குறைந்த வோல்ற்றில் பாயும். இரிடியம் இலகுவில் தேயாததால் அந்தக் கூர்மை கனகாலம் நிற்கும்.

ஆயிரம் சிசியும் எங்கட கராச்சும்

டேர்போ எங்கட வீட்டு முற்றத்துக்கு வந்தது வேகத்துக்கு ஆசைப்பட்டு இல்லை. வரியால். இலங்கையில் பெற்றோல் கார்களின் உற்பத்தித் தீர்வை எஞ்சினின் சிசியைப் பார்த்துத்தான் ஏறும். ஆயிரத்துக்குக் கீழே நின்றால் இலாபம். அதே நேரத்தில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் எஞ்சினைச் சின்னதாக்கி டேர்போ பூட்டுகிற காலம் வந்திருந்தது. ஹொண்டாவின் 988 சிசி, அவுடியின் 999 சிசி, ஜப்பானுக்குள் விற்கிற 660 சிசி சின்ன வண்டிகள் எண்டு வந்து இறங்கின. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருந்த கார்களே கை மாறிக் கை மாறி ஓடின. அவற்றின் முதல் பிளக்குகள் தேய்ந்து முடிகிற காலம் இப்ப. தேய்ந்தால் இடைவெளி தானாகக் கூடும். மாற்றினால் கடைக்காரர் மரையையும் நீளத்தையும் பார்த்து ஒன்றைத் தருவார். எங்களுக்கு நடந்தது போல.

அதாலை, நாங்கள் அலைந்து பழகினதை இங்கே வைக்கிறோம்.

எஞ்சினில் யாரும் கை வைக்காமல், கம்பனி விட்ட மாதிரியே இருந்தால் கம்பனி சொன்ன பிளக், கம்பனி சொன்ன இடைவெளி. எங்கட நாட்டில் ஓடுகிற சின்ன டேர்போக்களுக்கு அது பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீற்றர் பக்கம் வரும். காரோடு வந்த கைநூலில் பாருங்கள். பெட்டியில் இருக்கிற எழுத்துகளையும் வாசிக்கப் பழகுங்கள். என்ஜிகே பிளக்கின் பெயர் கடைசியில் 11 எண்டு முடிந்தால் இடைவெளி 1.1. என்ஜிகேயிலும் டென்சோவிலும் சூட்டு இலக்கம் கூடக் கூடப் பிளக் குளிர். என்ஜிகேயின் 6, 7, 8 எண்டது டென்சோவில் ஏறக்குறைய 20, 22, 24. பொஷ்ஷிலும் சம்பியனிலும் நேர்மாறு, இலக்கம் கூடினால் சூடு. இந்த இடத்தில்தான் கனபேர் பிழை விடுவது.

கொம்பியூட்டரை மாற்றி டேர்போவின் அமுக்கத்தைக் கூட்டினவர்கள் ஒரு படி குளிரான பிளக்குக்குப் போவதும், இடைவெளியை 0.1 அளவில் குறைத்துப் பார்ப்பதும் வழமை. 0.6 வரைக்கும் போகிறவர்கள் உண்டு. ஆனால் குறைக்கக் குறைக்க நல்லது எண்டு இல்லை. இடைவெளி சிறுத்தால் பொறியும் சிறுக்கும், நெருப்பு ஒழுங்காகத் தொடங்காது, நிற்கிற இடத்தில் எஞ்சின் நடுங்கும். மிஸ் அடிக்காத அளவுக்குள் எது பெரிதோ அதுதான் சரியான இடைவெளி.

அளக்கும்போது கம்பிக் கேஜால் அளவுங்கள். நாணயம் மாதிரி ஓரத்தில் தடித்துக்கொண்டு போகிற கேஜை இரிடியம் நுனிக்குள் திணித்தால் நுனி முறியும். வளைப்பது வெளித் தகட்டை மட்டும். நடுக்கம்பியில் எதையும் முட்டுக் கொடுக்க வேண்டாம். எஞ்சின் ஆறின பிறகு கழற்றி, கையால் மரை ஏற்றி, கடைசியில் மட்டும் சாவியால் கைநூல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அலுமினியத் தலையின் மரை போனால் பிளக்கின் விலையோடு முடியாது.

கழற்றின பழைய பிளக்கை எறிய முதல் பாருங்கள். மெல்லிய மண்ணிறம் எண்டால் சுகம். கரி எண்டால் பெற்றோல் கூட, அல்லது பிளக் குளிர் கூட. சுண்ணாம்பு வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் சூடு கூட. 2002இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்ற பிறகு நிறங்கள் முந்தின மாதிரித் தெளிவாக விழுவதில்லை. ஆனாலும் ஒரு பிளக் மற்றவற்றில் இருந்து வேறாக இருந்தால், அந்தச் சிலிண்டர் ஏதோ சொல்லுது.

தைப்பொங்கலுக்கு அந்தக் கார் யாழ்ப்பாணம் போனது. மாமாவுக்கு இப்ப எழுபது தாண்டிவிட்டது. டேர்போ எஞ்சினில் அவர் கை வைத்ததே இல்லை. பொனெற்றைத் திறக்கச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். கண்டியில் வாங்கின புதுப் பிளக்குகளின் பெட்டியைக் காட்டினோம். ஹக்சோ பிளேட்டுத் துண்டையும் காட்டி, இதாலை அளக்கலாமோ எண்டு பகிடிக்குக் கேட்டோம்.

அவர் சிரிக்கவில்லை.

"அது கிடக்கட்டும். இதுக்குள்ளை காத்து எவ்வளவு அமுக்கத்திலை போகுது? அதைச் சொல்லுங்கோ முதல்."

எங்களில் ஒருவருக்கும் அப்ப விடை தெரியவில்லை. ஃபோனை எடுத்துத் தேடத் தொடங்கினோம்.